ஒரு மூடி தீர்த்தம்

வீட்டின் பின்பக்கம் புருஷன் ரெய்மண்ட் மீன் வெட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்வரை அகதாவுக்குப் பயமில்லை. கத்தி பலகையில் இறங்குகிறது என்றால் மனிதன் அங்கே இருக்கிறான், கைக்கு வேலை இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சத்தம் நின்றால்தான் ஆபத்து. அவள் காரின் முன்மூடியைத் தூக்கி முட்டுக்கொடுத்துவிட்டு, எஞ்சினுக்கு அடியில் தாழ்வாகத் தெரிந்த மஞ்சள் வளையத்தை விரலால் மாட்டி இழுத்தாள். நீளமான அளவுகம்பி வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அதன் நுனியில் கியர் எண்ணெய் சிவப்பாக ஒட்டியிருந்தது. இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் போத்தலைத் திறந்து, மூடியில் ஊற்றி, சிலுவை போட்டுக்கொண்டு, கம்பி இருந்த குழாய்க்குள் சாய்த்தாள். அன்னம்மா தாயே, என் தம்பி கையைக் காப்பாற்று என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு கம்பியைத் திரும்பச் செருகினாள். பின்பக்கம் கத்தி இறங்கிக்கொண்டேதான் இருந்தது.

போத்தலில் இருந்தது வடக்கே புனித அன்னம்மாள் கோவில் திருவிழாவுக்குப் போனபோது பிடித்துவந்த தீர்த்தம். அந்த வீட்டில் அது போகாத இடமில்லை. காய்ச்சல் என்றால் நெற்றியில், பரீட்சை என்றால் பிள்ளையின் நாக்கில், கெட்ட கனவு என்றால் தலையணையில். கார் வாங்கினால் ஃபாதர் வந்து தெளிப்பார். தெளித்து மிஞ்சியதை ரேடியேட்டரில் ஊற்றுவது ரெய்மண்ட் குடும்பத்து வழக்கம், அப்படி ஊற்றி ஒரு காரும் கெட்டதில்லை. ஆனால் இந்தக் காரில் கண்டம் ரேடியேட்டருக்கு இல்லை, கியர்பாக்ஸுக்குத்தான். வயிற்றுவலிக்குத் தலையில் தைலம் தேய்ப்பார்களா என்று அகதா யோசித்தாள். எண்ணெய் இருக்கும் இடத்தில் தண்ணீர் ஆகாதே என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. தண்ணீர் வேறு, தீர்த்தம் வேறு என்று தன்னையே அதட்டிக்கொண்டாள்.

ரெய்மண்டைப் பற்றித் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும், கோபம் இருக்கும் இடத்தில்தான் குணம் இருக்கும் என்பார்கள். கல்யாணமான நாளிலிருந்து அகதா கோபத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். குணம் அடுத்த பஸ்ஸில் வருகிறது போலும். செம்பனைக் குலை ஏற்றிய டிராக்டர் பெட்டி இடது காலில் ஏறி இறங்கியதிலிருந்து அந்தக் கோபத்துக்கு ஒரு காரணமும் கிடைத்துவிட்டது. காலை வெட்டாமல் விட்டார்கள் என்பதைத் தவிர அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. முழங்காலுக்குக் கீழே உணர்வில்லாத விறகுக்கட்டை. கிளட்ச் மிதிக்க முடியாதவனுக்கு ஆட்டோ கியர் கார்தான் கதி. பழைய ஜப்பான் கார் ஒன்று அகப்பட்டது. விடியும் முன்பே சுங்கை பெசார் படகுத்துறைக்குப் போய் மீன் எடுத்து, பின்பெட்டியில் ஐஸ் போட்டு, ஆறாம் கட்டைத் தோட்டத்திலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை வீடுகள்வரை விற்றுவருவான். பெரிய மீன்களை மட்டும் முதல்நாளே எடுத்துவைத்து, புறப்படும் முன் வீட்டில் துண்டு போடுவான். அந்தக் கார் நின்றால் அவனும் நின்றான், வீட்டில் அடுப்பும் நின்றது.

அவனுக்கு இருந்த ஒரே பெருமை, சொன்னதைச் செய்பவன் என்பது. சாப்பாட்டுக் கடையில் ஒருவன் அவனை நொண்டி என்றான். நாளைக்கு உன் பல் இருக்காது என்று சொல்லிவிட்டு ரெய்மண்ட் வீட்டுக்கு வந்து, குளித்து, செபம் சொல்லி, நன்றாகத் தூங்கினான். மறுநாள் போய் மேசைமேலிருந்த சாம்பல் கிண்ணத்தால் அந்தப் பல்லை எடுத்துவிட்டுத்தான் மீன் விற்கப் போனான். மற்றவர்களுக்குக் கோபம் ஆறினால் மறந்துவிடும். இவனுக்குக் கோபம் ஆறினாலும் சொன்ன சொல் ஆறாது. அகதாவின் வலது கைச் சுண்டுவிரல் வளைந்திருப்பதும் அப்படித்தான். கதவை மூடினால் விரல் போகும் என்றான். ஏதோ வீம்பில் அவள் மூடினாள்.

கார் வழுக்க ஆரம்பித்தது இந்த வருடத் தொடக்கத்தில். கியரை டி-யில் போட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு யோசித்துவிட்டு ஒரு குலுக்கலுடன் புறப்படும். கம்போங் குவாந்தான் பக்கம் ஒரு பாலத்து ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் அலறியது, வண்டி நகரவில்லை. மின்மினி பார்க்க ஆள் ஏற்றிப்போகும் வேன் ஒன்று பின்னால் நின்று ஹார்ன் அடித்தது. இரண்டாவது முறை அடித்ததும் ரெய்மண்ட் டயர் கழற்றும் இரும்பை எடுத்துக்கொண்டு இறங்கினான். அவன் காலை இழுத்து இழுத்து நடந்து வந்த நேரம் முழுக்க அந்த டிரைவருக்கு ஓடத் தோன்றவில்லை. நொண்டிதானே என்று நினைத்திருக்கவேண்டும். முதலில் விளக்கு, அப்புறம் கண்ணாடி, அப்புறம் கண்ணாடிக்குப் பின்னாலிருந்த முகம். வேனுக்குள் ஒரு பெண்பிள்ளை விடாமல் கத்தியது. அகதா காருக்குள் உட்கார்ந்தபடி, பின்பெட்டி ஐஸ் உருகி இருக்கைக்கு அடியில் ஒழுகிவருவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அவள் தன் தம்பி கேலப்பின் பேச்சை எடுத்தாள். கேலப் ரவாங்கில் கியர்பாக்ஸ் மட்டுமே பிரிக்கும் ஒரு பட்டறையில் வேலை பழகி, பத்தாங் பெர்ஜுந்தையில் தகரக் கூரை போட்டுச் சொந்தமாகத் தொழில் செய்கிறவன். ரெய்மண்டுக்கு இஷ்டமில்லை. ஊருக்குள் கம்பத்துக் கடையில் கோப்பி குடிக்கிறவர்கள் எல்லாரும் கியர்பாக்ஸ் டாக்டர்கள், அவர்கள் அத்தனை பேரும் ஒரே தீர்ப்பைச் சொல்லியிருந்தார்கள்: பழைய ஆட்டோ கியருக்குப் புது எண்ணெய் ஊற்றினால் அதோடு சரி, செத்துப்போகும். எண்ணெயில் கையே வைக்காதே என்றார்கள்.

"மெஷின் வச்சு அடிச்சுக் கழுவுனா சாவும்தான் மாமா" என்றான் கேலப். "பழைய அழுக்கெல்லாம் ஒரே நேரத்துல கெளம்பிப் போயி உள்ள அடைச்சிக்கும். நாம கீழ சட்டியில உள்ளத மட்டும் எறக்குவோம். ஃபில்டர மாத்துவோம். கொஞ்சம் ஓட்டிட்டு வாங்க, மறுபடியும் எறக்குவோம். மெல்ல மெல்லத்தான் சுத்தமாவும்."

இறக்கினான். பால் சேர்க்காத கோப்பி ஓ மாதிரி கறுப்பாக, தீய்ந்த வாசனையோடு இறங்கியது. அடிச் சட்டியைக் கழற்றி அதிலிருந்த காந்தங்களை விரலால் வழித்துக் காட்டினான். சாம்பல் நிறச் சேறு. இரும்புத் துண்டு எதுவும் இல்லை, பிழைத்துக்கொள்ளும் என்றான். ரெய்மண்ட் கடையில் எல்லாக் காருக்கும் ஆகும் என்று எழுதியிருந்த எண்ணெய் வாங்கி வைத்திருந்தான். கேலப் அதைத் தொடவில்லை. அளவுகம்பியில் பொறித்திருந்த நம்பரைத் துணியால் துடைத்துப் படித்து, அதே நம்பர் எண்ணெயை ரவாங்வரை போய் வாங்கிவந்தான். எல்லாவற்றுக்கும் ஆகும் என்பது இந்தக் கியருக்கு வழுக்கும், பிடிக்காது என்றான். கியர் எண்ணெய் சூடு ஆறுவதற்காக ரேடியேட்டருக்குப் போகும் ஹோஸை வெட்டி நடுவில் காந்தம் வைத்த இன்னொரு ஃபில்டரும் போட்டான், மிச்சசொச்ச அழுக்கு அதில் தங்கட்டும் என்று. ஹோஸை வெட்டும்போது ரெய்மண்டின் முகம் கோணியது.

"நீ சொல்றேன்னு செய்றேன் மச்சான்" என்றான் ரெய்மண்ட். "கியர் போச்சுன்னா, அன்னம்மா மேல சத்தியம், ஒன் கை இருக்காது."

கேலப் சிரித்தான். அகதாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ரெய்மண்ட் அன்னம்மா பெயரைச் சாதாரணமாக எடுக்கிறவன் இல்லை.

இரண்டு தடவை இறக்கி ஊற்றிய பிறகு கார் வெண்ணெய் மாதிரி ஓடியது. கியர் மாறுவதே தெரியவில்லை. ரெய்மண்ட் ஒருநாள் ஓட்டிக்கொண்டே பாட்டு முணுமுணுத்தான். வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அதோடு நிம்மதி அடைந்திருப்பாள். அகதாவால் முடியவில்லை. எவ்வளவு நன்றாக ஓடினாலும் பழைய கார் பழைய கார்தான், என்றைக்காவது ஒருநாள் நிற்கும், நிற்கிற அன்றைக்குச் சத்தியம் எழுந்து உட்கார்ந்துகொள்ளும். திருவிழாவுக்குப் போன இடத்தில் அன்னம்மாளின் முன்னால் மண்டியிட்டு அவள் கேட்டது இந்த ஒன்றைத்தான். திரும்பி வந்ததிலிருந்து தினமும் காலையில் ஒரு மூடி. காரும் ஓடியது. தாய் கேட்டுவிட்டாள் என்று நம்பிக்கை வந்தது, நம்பிக்கை வந்ததும் இரண்டு மூடியானது. அப்புறம் மூடி வைத்து அளப்பது அவிசுவாசம் போலத் தோன்றி, நேராகவே சாய்த்தாள். பெரிய போத்தல், கால்வாசிக்கு வந்திருந்தது.

சனிக்கிழமைகளில் அவளும் கூடப் போவாள், பை பிடித்து மீன் போட்டுக் கொடுக்க. அந்தச் சனிக்கிழமை காலையில் ரெய்மண்ட் பின்பக்கம் போகவே இல்லை, காருக்குப் பக்கத்திலேயே நின்று பல் துலக்கினான். அவளால் ஊற்ற முடியவில்லை. போத்தலைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஏறினாள். புறப்படும்போதே கார் காய்ச்சல்காரன் போல் நடுங்கியது. ஈஜோக் சிக்னலில் நின்று மறுபடி டி-யில் போட்டான். ஒன்றுமில்லை. பின்னால் எடுக்கப் பார்த்தான். அதுவும் இல்லை. எஞ்சின் மட்டும் அலறியது. ரெய்மண்ட் கத்தவில்லை, ஸ்டீயரிங்கைக் குத்தவில்லை. சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். அகதா கைப்பைக்குள் போத்தலைத் தடவிப் பார்த்துக்கொண்டாள்.

இழுவை லோரியில் ஏறி உட்கார்ந்து வரும் வழியெல்லாம் அவளுக்கு ஒரே எண்ணம்: இன்று காலை ஊற்றாமல் விட்டதுதான் காரணம். ஒருநாள் தவறினேன், தாய் கையை விட்டுவிட்டாள். பின்னால் தொங்கிக்கொண்டு வந்த காரிலிருந்து மீன் வாடை அடித்தது.

கேலப் வெள்ளை பேசினைக் காருக்கு அடியில் தள்ளிவிட்டு, படுத்தபடி அடித் திருகைக் கழற்றினான். வழிந்தது எண்ணெயே இல்லை. சிவப்பும் இல்லை, கறுப்பும் இல்லை. கல்யாண வீட்டில் ரோஸ் சிராப்பில் பால் ஊற்றிக் கலக்கித் தருவார்களே பண்டோங், அந்த நிறத்தில் கொழகொழவென்று பேசினில் விழுந்து நுரைத்தது. கேலப் அடியிலிருந்து வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் அவன் கால்கள் மட்டும் அசையாமல் தெரிந்தன. பிறகு எழுந்து, ஹோஸ் நடுவில் போட்ட ஃபில்டரைப் பிரித்தான். உள்ளிருந்த காகிதம் ஊறிப்போன ரொட்டி மாதிரி கையோடு வந்தது.

தண்ணி ஏறியிருக்கு என்றான்.

 அகதா பேசினைப் பார்த்தாள், தன் மடியிலிருந்த கைப்பையைப் பார்த்தாள். ஒரு கணத்தில் எல்லாம் விளங்கிவிட்டது. அந்த இளஞ்சிவப்பு முழுக்க அவள் கையால் ஊற்றியது.

ரெய்மண்ட் அமைதியாகத்தான் கேட்டான், ரேடியேட்டர் ஓட்டையாகி அங்கிருந்து வந்ததா என்று. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கேலப் தப்பித்திருப்பான். தொழிலில் பொய் சொல்லத் தெரியாத பயல். ரேடியேட்டர் மூடியைத் திறந்து விரலை விட்டு எடுத்துப் பார்த்தான். பச்சைத் தண்ணீர், விளிம்புவரை நிறைந்து, எண்ணெய்ப் படலம் ஒரு சொட்டு இல்லாமல்.

"இல்ல மாமா. இது சுத்தமா இருக்கு."

"அப்ப தண்ணி எங்கேருந்துடா வந்துச்சு?"

"தெரியல மாமா."

ரெய்மண்ட் அவன் பின்கழுத்தைப் பிடித்து முகத்தை எஞ்சின்மேல் மோதினான். நீ வாங்கின எண்ணெய் என்றான். மறுபடி மோதினான். நீ வெட்டின ஹோஸ் என்றான். மூன்றாம் முறை மோதும்போது மூக்கெலும்பு உடையும் சத்தம் அகதாவுக்கே கேட்டது, கோழி எலும்பு மாதிரி. கேலப் வாலிபன், ஒரு உதை போதும், அந்தக் கட்டைக் காலைத் தட்டிவிட்டால் ரெய்மண்ட் எழுந்திருக்க முடியாது. அவனுக்கு அது தெரியும். அக்காள் புருஷனைக் காலால் தொடுவதா என்று கடைசிவரை அவன் செய்யவில்லை. ரத்தத்தை விழுங்கிக்கொண்டு, மாமா, மாமா என்றுதான் சொன்னான். ரெய்மண்ட் அவனை வேலைமேசைக்கு இழுத்துப் போனான். மேசை ஓரத்தில் சாமான்களை இறுக்கிப் பிடிக்கும் வைஸ் இருந்தது. கேலப்பின் வலது மணிக்கட்டை அதன் இரும்புத் தாடைகளுக்கு நடுவில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினான். கேலப் முழங்காலில் விழுந்தான். பிடிபட்ட கை மட்டும் மேலே நின்றது, பாடம் தெரிந்த பிள்ளை கை தூக்குவதுபோல.

ரெய்மண்ட் சுத்தியலை எடுத்தான்.

சொல்லு, சொல்லு என்று அகதாவுக்குள் யாரோ கத்தினார்கள்.  அப்போதும் அவள் செய்தது வேண்டுதல்தான். தாயே, நான் சொல்லாமலே இதை நிறுத்து. தன் உடம்பு எவ்வளவு பயந்தது என்று பிற்பாடு அவளுக்கு நினைத்துப் பார்க்கவே கூசியது. சுத்தியல் இறங்கியது. ஆள்காட்டி விரல் வைஸின் இரும்பில் நசுங்கியது. கேலப் போட்ட சத்தத்தில் எதிர்க் கடைக்காரன் வெளியே வந்து பார்த்துவிட்டு, ரெய்மண்டைக் கண்டதும் கதவை இழுத்து மூடிக்கொண்டான்.

அந்த ஒரு விரலுக்குப் பிறகுதான் அவள் எழுந்தாள். அலமாரியில் மிச்ச எண்ணெய் போத்தல் இருந்தது. கேலப் குடித்துவைத்திருந்த கண்ணாடித் தம்ளரில் அதை ஊற்றினாள். சுத்தமான சிவப்பு. கைப்பையிலிருந்து தீர்த்தத்தை எடுத்து அதில் சாய்த்து, கிடந்த திருப்புளியால் கலக்கினாள். தம்ளர் பண்டோங்காக மாறியது. கொண்டுபோய் வைஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். அதற்குள் அடுத்த விரலை இழுத்துவைத்து ஓங்கியிருந்த சுத்தியலுக்கு அடியில்.

"நான்தாங்க ஊத்துனேன். தெனமும். அன்னம்மா தீர்த்தம்."

ரெய்மண்ட் தம்ளரைப் பார்த்தான். காருக்கு அடியிலிருந்த பேசினைப் பார்த்தான். போத்தலில் ஒட்டியிருந்த அன்னம்மாளின் படத்தைப் பார்த்தான். ஒரே நிறம், ஒரே நுரை. அவன் தலை மிக மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.

"அக்கா, போயிரு" என்றான் கேலப் கீழேயிருந்து.

அவள் வைஸின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினாள். அவசரத்தில் தப்பான பக்கம் சுற்றிவிட்டாள். தம்பியின் அலறலைக் கேட்டதும்தான் தெரிந்தது. மறுபக்கம் சுற்றினாள். கை நழுவிக் கீழே போனது, கேலப் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் சுருண்டான். வைஸ் வாயைத் திறந்தபடி நின்றது. தாடைகளில் தம்பியின் ரத்தமும் கிரீஸும் அப்பியிருந்தன. அகதா வளையலை மேலே ஏற்றிவிட்டு, வளைந்த சுண்டுவிரல் உள்ள தன் வலது கையை அதற்குள் வைத்தாள்.

"அன்னம்மா மேல சத்தியம் பண்ணீங்க" என்றாள். "சத்தியம் வீணாப் போவக்கூடாதுல்ல."

 ரெய்மண்ட் வைஸுக்குள் இருந்த கையைப் பார்த்தான். சுத்தியல் இன்னும் தோளுக்கு மேலேதான் இருந்தது. வெகுநேரம் ஒற்றைக் காலில் பாரம் தாங்கி நின்றவனுக்கு அந்தக் கால் வெடவெடக்கத் தொடங்கியது. விழாமல் இருக்க எதையாவது பிடிக்கவேண்டும். இடது கையை நீட்டினான், அகப்பட்டது வைஸின் கைப்பிடி. முழுப் பாரத்தையும் அதன்மேல் போட்டுச் சாய்ந்தான்.

கைப்பிடி அந்தப் பாரத்தில் மெல்லச் சுழன்றது. இரும்புத் தாடைகள் நெருங்கி வந்து, சில்லென்று அவள் மணிக்கட்டைத் தொட்டு நின்றன. பக்கத்தில் தம்ளரின் நுரை ஒவ்வொரு குமிழாக உடைந்துகொண்டிருந்தது. அகதா கையை எடுக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.